கணுக்காலுக்கு மேலே நாலு விரல்

மாவு மில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்த அக்கா தன் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இன்னைக்கு முழங்காலுக்கு மேல ரெண்டு விரல்தான்டி நிக்குது. போர்வையெல்லாம் நாளைக்குத் துவைச்சுக்கிருவோம்." பக்கத்து வீட்டுக்காரி குனிந்து தன் சேலையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு எங்கக்கா இருக்கு, ஒண்ணரைதான்" என்றாள். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த மில்காரரும் தன் கைலியில் சுற்றியோடிய ஈரக் கோட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டு மறுபடி வேலையைக் கவனித்தார். அந்தக் கோடு எங்கள் ஊருக்கு வந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

எங்கள் ஊர் வெள்ளூரணி. பதினோரு தெருவும் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டியும் கொண்ட பேரூராட்சி. தொட்டி ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கும், ஐந்து மீட்டர் ஆழம், ஆறு கான்கிரீட் கால்களில் ஊர் நடுவே நிற்கும். அதன் நிழல் விழும் முதல் தெருவில் பேரூராட்சித் தலைவர் வைரவநாதன் குடியிருந்தார். தெருக்கள் அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சரிந்து இறங்கி, பள்ளத்தில் பதினோராவதாகக் காளவாசல் தெருவில் முடியும். அங்கே அறுபத்து மூன்று வீடு. அத்தனை வீட்டிலும் சுண்ணாம்புக் காளவாசலில் கல் சுடுகிறவர்கள். வேலை முடிந்து வரும்போது தலைமுதல் கால்வரை வெளுத்துப்போய், வேர்வை பட்ட இடமெல்லாம் எரிய எரிய, கழுவிக்கொள்ளத் தண்ணீர் தேடி ஒன்றரை மைல் தள்ளியிருந்த கல்குவாரிக் குட்டைக்கு நடப்பார்கள்.

அவர்கள் தெருவுக்கும் குழாய் போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. தண்ணீர்தான் வந்ததில்லை. பத்துத் தெருவும் பிடித்து முடித்தபின் மதியம் இரண்டு மணிக்கு அவர்கள் முறை. டேங்க் ஆபரேட்டர் சோலைச்சாமி இரண்டு மணிக்குத் தொட்டியின் மேலே ஏறி, மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கீழே அண்ணாந்து நிற்கும் பெண்களைப் பார்த்து, "இன்னைக்கு இல்லத்தா" என்று கையை விரிப்பார். அவர்கள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பிப் போவார்கள். ஆனாலும் அந்தத் தெருவில் எந்தக் குழாயையும் யாரும் மூடிவைத்ததில்லை. என்றைக்காவது வந்தால் விழுகிற சத்தம் கேட்கட்டும் என்று, பொருத்திய நாளிலிருந்து அறுபத்து மூன்று குழாயும் திறந்தபடியே இருந்தன. சிலவற்றின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டியை வருடத்துக்கு இரண்டு தரம் கழுவுவார்கள், ஆனால் முழுக்க வடிக்க மாட்டார்கள். உள்ளே இறங்கும் இரும்பு ஏணியின் கடைசிப் படிக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் தண்ணீரை விட்டுவைப்பார்கள். அடி தெரிய வறண்ட தொட்டிக்கு மறுபடி தண்ணீர் வராது என்று தொட்டி கட்டிய காலத்தில் யாரோ சொன்னது. அதிலிருந்து அந்த முக்கால் மீட்டர் சொச்சம் தண்ணீரை யாரும் தண்ணீராகவே நினைப்பதில்லை. சோலைச்சாமி எட்டிப் பார்த்து 'இல்லை' என்று சொன்ன நாளெல்லாம் அது அங்கேதான் கிடந்தது. பொய் சொல்கிறோம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

இந்த நிலையில்தான் ரேடார் வந்தது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை இனி மனிதர்கள் சொல்ல வேண்டியதில்லை, கருவி சொல்லும் என்று மேலிடத்து உத்தரவு. கோயம்புத்தூரிலிருந்து ஜெபக்குமார் என்ற இளம் என்ஜினியர் ஒரு கூம்பு போன்ற சாமானை அட்டைப்பெட்டியில் வைத்து மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டுவந்தார். நான் பேரூராட்சி அலுவலகத்தில் தற்காலிகக் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இயற்பியல் படித்தவள் என்பதால் அவர் எல்லாவற்றையும் எனக்கே விளக்கினார்.

"சிஸ்டர், இது தண்ணியைத் தொடவே தொடாது. தொட்டியோட கூரையில தலைகீழா உக்காந்துக்கிட்டு கீழ ஒரு அலையை அனுப்பும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா வெளிச்சத்தோட வேகம். அது தண்ணி மேல பட்டுத் திரும்பி வரும். போயிட்டு வந்த நேரத்தை வச்சு, தனக்கும் தண்ணிக்கும் நடுவுல எவ்வளவு வெத்திடம்னு கணக்குப் போடும். தொட்டியோட ஆழத்துல இருந்து அதைக் கழிச்சா மிச்சம் தண்ணி."

"அப்ப அது அளக்குறது தண்ணியை இல்ல, தண்ணி இல்லாத இடத்தை" என்றேன். அன்று நான் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

"அதேதான் சிஸ்டர். ஒரே ஒரு தொந்தரவு, உள்ள ஏணி இருக்கு, குழாய் இருக்கு, அதுங்க மேல பட்டும் அலை திரும்பும். அதனால முதல்ல காலித் தொட்டியைக் காட்டி, 'இங்க உனக்குத் தெரியுறது எதுவும் தண்ணி இல்ல, இதையெல்லாம் கண்டுக்காத'ன்னு கத்துக்குடுக்கணும். ஒருதடவை கத்துக்கிட்டா மறக்காது."

சோலைச்சாமி தொட்டியை வடித்தார். மேலிருந்து "வடிச்சாச்சு" என்று குரல் கொடுத்தார். என்ஜினியர் கீழே லேப்டாப்பில் பொத்தானை அழுத்த, கருவி தான் கண்டதையெல்லாம் கற்றுக்கொண்டது. அது பூஜ்யம் காட்டினால் வெளியே போகும் தண்ணீர் தானாக நிற்கும்படி ஒரு வால்வும் வைத்தார்கள். காளவாசல் தெருக்காரர்கள் அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டுத் திரண்டு வந்து, இனி கையை விரிக்காத ஒன்று வந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில், ஏணியில் ஏறிக் கருவிக்கு மாலை போட்டார்கள். மாலை போட்டவள் இருளாயி. நாற்பது வயது, சுண்ணாம்பில் வெடித்த கைகள், எதையும் நேரே பார்த்துப் பேசுகிறவள்.

மூன்றாம் நாள் காலை பத்துத் தெரு ஜனமும் எழுந்தபோது ஒவ்வொருவர் உடம்பையும் சுற்றி, இடுப்புயரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் ஈரக் கோடு இருந்தது. துடைத்தால் போகவில்லை, வெயிலில் காயவில்லை, துணி மாற்றினால் புதுத்துணியிலும் அதே இடத்தில் ஊறியது. பத்து மணிக்கு அது தொடைக்கு இறங்கியது. மோட்டார் ஓடியதும் வயிற்றுக்கு ஏறியது. என் திரையில் இரண்டரை மீட்டர் என்றால் ஊரே பாதி நனைந்திருந்தது. ஐந்து மீட்டர் என்றால் எல்லார் கழுத்திலும் ஈரத்தில் ஒரு சங்கிலி. நெட்டையோ குட்டையோ, அவரவர் உயரத்துக்குத் தகுந்தபடி.

முதல் வாரம் மருந்துக்கடையில் சொறிக் களிம்பு தீர்ந்துபோனது. இரண்டாவது வாரம் அதுவே நேரம் பார்ப்பது போல ஆகிவிட்டது. பெண்கள் கோடு மார்புக்கு மேல் இருக்கும் நாளில் மெத்தையுறை துவைத்தார்கள், முழங்காலுக்கு வந்தால் விருந்தாளியிடம் "குளிச்சிட்டு வந்துட்டீகளா?" என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். தையல்காரர் ஈரம் தெரியாத கருநீலத் துணியாக வாங்கி அடுக்கினார். ஒரு கல்யாணத்தில் மணமகனுக்கு மட்டும் கோடில்லை, அவர் வெளியூர். தாலி ஏறியதும் அவர் பட்டு வேட்டியிலும் தொடையளவில் ஈரம் படர, பெண் வீட்டார் குலவை போட்டார்கள். துபாயில் வேலை பார்த்த நாலாம் தெருக்காரர் ஒருவர் தன் அம்மாவுக்குப் போன் போட்டு, "சூப்பர்வைசர் என்னைய ஒரு மாதிரி பாக்குறான்மா, முழங்காலுக்குக் கீழ வந்துருச்சு, முதல்ல அண்டாவை ரொப்பு" என்றார். இதனாலெல்லாம் சோலைச்சாமிதான் பாவம். பத்தொன்பது வருடமாக, அவர் டீக்கடைக்கு வந்தால் ஆறு பேர் எழுந்து "அண்ணே, லெவல் என்ன?" என்று கேட்பார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. அவரே தன் வேட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டு தனியாக டீ குடித்தார்.

காளவாசல் தெருவில் ஒருவருக்கும் கோடு வரவில்லை.

முதலில் அவர்கள் காத்திருந்தார்கள், பழக்கப்பட்டவர்கள்தானே. பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்முன் எச்சில் தொட்டும் ஈரத்துணியால் இழுத்தும் இடுப்பைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டார்கள். முதல் பாடவேளை முடிவதற்குள் அது காய்ந்துவிடும். இருளாயியின் மகள் ஆறாம் வகுப்பில் இடைவேளை மணி அடிக்கும்போதெல்லாம் குழாயடிக்கு ஓடுவாள் என்று அவள் டீச்சர் என்னிடம் சொன்னார். ஓடிப்போய்த் தண்ணீர் குடிப்பதில்லை, கோடு போட்டுக்கொண்டு வருகிறாள் என்றார்.

தொண்ணூற்றேழு நாள் இப்படிப் போனது. தொண்ணூற்றேழு நாளும் மதியம் இரண்டு மணிக்கு என் திரை பூஜ்யம் காட்டியது. வால்வு தானாக மூடிக்கொண்டது. பத்துத் தெருவிலும் கோடு மறைந்தது. கருவியே சாட்சி சொல்லிவிட்டதால் வைரவநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். தண்ணீர் போய்ச் சேராத தெருவில் குழாய் எதற்கு, வெள்ளிக்கிழமை காலை அத்தனையையும் பிடுங்கி, முதல் தெருவுக்குப் பின்னால் புதிதாக மனை போட்ட இடத்தில் பதித்துவிடலாம் என்று அறிவிப்பு ஒட்டினார். அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இருளாயி காளவாசலிலிருந்து நேரே அலுவலகத்துக்கு வந்தாள். சுண்ணாம்பு வேலைக்காரர்கள் முழங்கால்வரை சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். அதோடு ஆபீசுக்குள் வரக்கூடாது என்று அவள் அதை அவிழ்த்து வாசலில் வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தாள். கால் இரண்டும் சுண்ணாம்பு வெள்ளை. நடந்த இடமெல்லாம் தரையில் பாதம் பதிந்தது. சோலைச்சாமியும் ஏதோ கையெழுத்துப் போட வந்து அங்கே நின்றிருந்தார்.

"தலைவரே, குழாயை எடுக்காதீக. வராட்டிப் போகுது, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"ஏம்மா, நானா சொல்றேன்? மிஷின் சொல்லுது. தொண்ணூத்தேழு நாளாப் பூஜ்யம். நீங்கதான் அதுக்கு மாலை போட்டீக."

"மாலை போட்டது தண்ணி குடுக்கும்னு."

"இருந்தாத்தானே குடுக்கும்?"

சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்தது. என் திரையில் எண் பூஜ்யத்துக்கு விழுந்தது. தலைவரின் வேட்டியிலிருந்த கோடு மறைந்தது, என் சுடிதாரிலிருந்தது மறைந்தது, சோலைச்சாமியுடையதும் மறைந்தது. அதே நொடியில் இருளாயி "ஸ்ஸ்" என்று காலை உதறினாள்.

"என்னாச்சு?" என்றார் சோலைச்சாமி.

"சுடுதுண்ணே. தினம் இந்நேரத்துக்குச் சுடும். வேர்வைன்னு இருப்போம்."

நாங்கள் எல்லோரும் அவள் காலைப் பார்த்தோம். கணுக்காலுக்கு மேலே நாலு விரல் அளவில், அந்த வெள்ளைப் பூச்சின்மேல், ஈரக் கோடு ஒன்று காலைச் சுற்றி ஊறிக்கொண்டிருந்தது. ஈரம் பட்ட சுண்ணாம்பு கொதித்து, நூல் மாதிரி ஆவி எழும்பியது. அவள் கையால் துடைத்தாள். உள்ளே, தோலில், சிவப்பாக வளையம் போலப் பழைய புண்ணின் தடம்.

"இது எத்தனை நாளா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டது.

"மூணு மாசமா. தெருவுல எல்லாத்துக்கும் இருக்கு."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். எழுந்த பிறகுதான் என்ன செய்வது என்று யோசித்தேன். பிறகு ஜெபக்குமாருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் அவர் கோட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அதெல்லாம் தொட்டிக்குத் தொட்டி வேறுபடும் என்பது போல.

"சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்குத் தொட்டியைத் தரை தெரிய வடிச்சீங்களா?"

எல்லோரும் சோலைச்சாமியைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டார். "நம்ம ஊரு வழக்கப்படி வடிச்சேன்" என்றார்.

"எவ்வளவு விட்டீங்க?"

"ஏணியோட கடைசிப் படிக்குக் கொஞ்சம் மேல."

"போச்சு. உள்ள தண்ணியை வச்சுக்கிட்டே 'இது எதுவும் தண்ணி இல்ல'ன்னு கத்துக்குடுத்துட்டோம் சிஸ்டர். அது அந்தத் தண்ணியையும் ஏணின்னு நினைச்சிருக்கு. லெவல் அங்க வந்தாக் கண்ணை மூடிக்கும். பதினாறாயிரம் லிட்டர் இருக்கும் அதுல. முழுசா வடிச்சுட்டு மறுபடி கத்துக்குடுங்க, நான் போன்லயே சொல்றேன்."

இருளாயி உள்ளங்கையை விரித்து ஏதோ எண்ணிப் பார்த்தாள். "வீட்டுக்குப் பதினாறு குடம்" என்றாள்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. காளவாசலிலிருந்து ஆணும் பெண்ணும் சாக்கை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, அலுவலக வாசலிலிருந்து தொட்டியடிவரை வரிசையாக நின்றார்கள். அத்தனை வெள்ளைக் காலிலும், அவரவர் விரலுக்கு நாலு விரல் உயரத்தில், ஆவி கிளம்பும் ஒரே கோடு. பத்துத் தெருக்காரர்களும் வந்தார்கள். வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் கால் மேலேயே பார்வை போனது. அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் முழுக்க வடிப்பது என்றதும் கூட்டத்தில் சலசலப்பு.

வைரவநாதன் படியில் ஏறி நின்றார். "அறிவோடதான் பேசுறீகளா? அடி தெரிய வறண்டா அப்புறம் தண்ணி வராது. அப்ப பத்துத் தெரு ஜனமும் என்ன செய்யிறது?"

"எங்க தெருவுக்கு வாங்க தலைவரே" என்றாள் இருளாயி. "தண்ணி வராத தெருவுல எப்படி இருக்கணும்னு நாங்க சொல்லித் தாறோம். ரொம்ப லேசு. முதல் மூணு வருஷம்தான் கஷ்டம்."

கூட்டத்தில் முதலில் சிரித்தது மாவு மில்காரர். பிறகு அந்த இரண்டு அக்காக்கள். பிறகு சிரிப்பு தெருத்தெருவாகப் பின்னால் போனது.

சோலைச்சாமி சிரிக்கவில்லை. இருளாயியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பத்தொம்பது வருஷமா எட்டிப் பாத்திருக்கேன்த்தா" என்றார். "தண்ணி கிடந்துச்சு. கிடக்கக் கிடக்க இல்லைன்னு சொல்லியிருக்கேன்." தலைவரிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. இடுப்பிலிருந்த, தெரு வால்வுகளைத் திருப்பும் நீளச் சாவியை உருவிக்கொண்டு தொட்டியடிக்கு நடந்தார். தானியங்கி வால்வின் மூடியைக் கழற்றிக் கைத்திருகலுக்கு மாற்றினார். பிறகு தெருவுக்கொன்றாக இருந்த வால்வுக் குழிகளில் பதினோராவதற்குள் இறங்கி, மூன்று வருடத்துத் துருவின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் சாவிமேல் போட்டுத் திருப்பினார்.

தண்ணீர் உடனே வரவில்லை. முதலில் காற்று வந்தது. காளவாசல் தெருவின் அறுபத்து மூன்று திறந்த குழாய்களும் ஒன்றாக மூச்சு விட்டன, ஊதின, இருமின. குளவிக்கூடுகள் வெடித்துத் தெறித்தன. பல்லிகள் விழுந்தடித்து ஓடின. செங்கல் நிறத்தில் கொஞ்சம் துப்பிவிட்டு ஒரு கணம் எல்லாமே நின்றுபோனது. பிறகு வெள்ளையாக, தடிமனாக, குடத்தின் அடியில் அறைகிற சத்தத்தோடு தண்ணீர் வந்தது. குடம் நிறைய நிறைய அவர்கள் காலிலிருந்த கோடு இறங்கியது. மூன்று விரல், இரண்டு விரல், கணுக்கால், குதிகால் என்று இறங்கி, ஐந்து மணிக்கு அது பாதத்தைவிட்டு மண்ணுக்குள் போனது. சோலைச்சாமி தொட்டிக்குள் இறங்கி, அடிச் சிமெண்டைத் துண்டால் துடைத்துவிட்டு, ஏணியில் ஏறி வந்து, "வடிச்சாச்சு" என்றார். நான் ஜெபக்குமார் சொல்லச் சொல்லப் பொத்தான்களை அழுத்தி, கருவிக்கு முதல் முறையாகக் காலித் தொட்டியைக் காட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டபோது பதினோரு தெருவும் தொட்டியடியில் நின்றது. பத்து நிமிடம் ஒன்றுமில்லை. வைரவநாதன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு சின்னப் பிள்ளை, "குளுகுளுன்னு இருக்கு" என்று காலைத் தூக்கிக் காட்டியது. உள்ளங்காலின் ஓரத்தில் ஈரம். கோடு ஏறத் தொடங்கியது. எல்லாக் கால்களிலும் ஒரே நேரத்தில், தலைவர் காலிலும் மில்காரர் காலிலும், சுண்ணாம்பு கழுவிய காளவாசல் கால்களிலும், துபாயில் விடியுமுன் வேலைக்கு வந்து கட்டடத்தின் பதினேழாவது மாடியில் நின்றிருந்தவர் காலிலும் ஏறியது. கணுக்காலுக்கு மேலே நாலு விரலைத் தாண்டியபோது கூட்டம் முழுக்கக் குனிந்து பார்த்தது. என் திரையில் எண் நிற்காமல் ஓடியது. முழங்கால் தாண்டியது. இருளாயியின் மகள் பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, தன் இடுப்புக்குத் தானாக ஏறிவரும் கோட்டைப் பார்த்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தாள். கழுத்துக்கு வந்ததும் யாரோ குலவை போட்டார்கள். அதன்பின் யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று சொல்ல முடியாது.

சோலைச்சாமி அன்றைக்கு முதல் தெருவின் குழியைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, பத்தாவதையும் தாண்டி, பதினோராவது குழியில் சாவியைப் போட்டார். கழுத்தில் ஈரக் கோட்டோடு நிமிர்ந்து நின்றார். "அண்ணே, லெவல் என்ன?" என்று யாரோ கத்திக் கேட்க, "அஞ்சு மீட்டர்!" என்று அவரும் கத்தினார்.

காளவாசல் தெருவில் குடங்கள் நிறைந்தன, அண்டாக்கள் நிறைந்தன, சோற்றுப் பானையும் தூக்குவாளியும் கழற்றிவைத்த விளக்குக் கண்ணாடியும்கூட நிறைந்தன. கிழவர்களும் பிள்ளைகளும் குழாய்க்குக் கீழே உட்கார்ந்து குளித்தார்கள். இருளாயி முழங்கால்வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள், மகளின் தலையைப் பிடித்துக் குனியவைத்து அலசினாள், வாசலைக் கழுவினாள், மிதிகல்லைக் கழுவினாள். கடைசிக் குடமும் வழிந்து, தண்ணீர் தெருவில் ஓடத் தொடங்கியது.

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, குழாயை இறுகப் பிடித்து, பொருத்திய நாளிலிருந்து அசையாத அந்தத் திருகை இரண்டு முறை நெட்டித் தள்ளி, மூன்றாவது முறையில் மூடினாள்.